நான் காட்டாத வாய்

சுகந்தி கேட்டு மூண்டு கிழமையாகுது. "அக்கா, நீங்கள் வேலையிலை இருந்த காலத்துக் கதையளை ஒருக்கால் எழுதித் தாங்கோவன். புதுசாய் வந்திருக்கிற பிள்ளையளுக்குப் பிரயோசனமாய் இருக்கும்." சுகந்தி ஆரெண்டால், எங்கடை ஆசுபத்திரிப் பல் கிளினிக்கிலை எனக்குப் பிறகு பொறுப்பாய் வந்த நேர்ஸ். நான் பழக்கின பிள்ளை. அவ என்ன எதிர்பாக்கிறா எண்டு எனக்குத் தெரியாதே? சண்டைக் காலத்திலை கரண்ட் இல்லாமல் அரிக்கன் லாம்பு பிடிச்சுக்கொண்டு பல்லுப் பிடுங்கின கதை, விறைப்பு ஊசி மருந்துக்கு அலைஞ்ச கதை. உதுகளை எழுதினால் நான் வடிவாய்த்தான் தெரிவன். எழுதவும் வெளிக்கிட்டன். இரண்டு பக்கம் எழுதிப்போட்டு வாசிச்சுப் பாத்தால் எனக்கே சீ எண்டு போச்சு. கிழிச்சு எறிஞ்சிட்டன்.

ஏனெண்டால் இப்ப என்ரை மனம் முழுக்க வேறை ஒரு விசயம். எனக்கு மறதி தொடங்கியிருக்கு. அதோடை, ஊராக்களின்ரை வாயைப் பாத்துச் சம்பளம் எடுத்த நான், என்ரை வாயை ஒருத்தருக்கும் காட்டாமல் முரசு வருத்தத்தை, பல்லுக்கடி ஈறிலை வாற நோயை, வருசக்கணக்காய் ஒளிச்சு வைச்சிருந்தனான். இந்த இரண்டுக்கும் தொடுப்பு இருக்கலாம் எண்டு எனக்கு விளங்கப்படுத்தின மனிசனுக்குப் பக்கத்திலை நிண்டுகொண்டேதான் ஒளிச்சனான். பல் கிளினிக் மிஸ்ஸிக்கு முரசு வருத்தம்! சிரிக்கிறதெண்டால் சிரியுங்கோ. நானும் சிரிச்சுப் பாத்தன், வரேல்லை.

படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிசாய் ஒண்டும் இல்லை. அச்சுவேலியிலை இருந்து நேர்ஸ் பயிற்சிக்குப் போனன், வாட்டு வாட்டாய் ஓடித் திரிஞ்சன், முதுகு நோ எண்டு தலைமை நேர்ஸ் மேற்றனிட்டைக் கெஞ்சிப் பல் கிளினிக்குக்கு மாற்றம் வாங்கினன். கதிரையிலை இருந்து செய்யிற வேலை எண்டு நினைச்சுத்தான் போனனான். அங்கை கதிரை நோயாளிக்கு மட்டுந்தான் எண்டு போன பிறகுதான் தெரிஞ்சுது.

எங்கடை பல் டொக்டர் மயில்வாகனத்தைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்லவேணும். ஒல்லியான ஆள். கையைக் கழுவத் தொடங்கினால் வெளியிலை வாங்கிலை இருக்கிற சனத்துக்கு விசர் பிடிக்கும், அவ்வளவு நேரம். கோவம் வந்தால் சத்தம் போடமாட்டார். எங்களை எப்பவும் "நீர்" எண்டு கதைக்கிறவர், கோவமெண்டால் "நீங்கள்" எண்டு மாறுவார். அவர் என்னை "நீங்கள்" எண்ட நாளையிலை எனக்கு மத்தியானச் சோறு இறங்காது.

கிளினிக்கிலை ஒரு கேள்வியை அவர் அடியோடை தடை செய்திருந்தவர். "ஏன் உவ்வளவு நாளும் வராமல் இருந்தனீங்கள்?" எண்டு ஒருத்தரையும் கேக்கக் கூடாது. நான் ஒருக்கால் வாய் தவறிக் கேட்டுப்போட்டன். நோயாளி போன பிறகு சொன்னார், "வந்திட்டுதே அந்த மனிசி. வந்த ஆளைப் பிடிச்சு ஏன் வரேல்லை எண்டு கேக்கிறது என்ன கேள்வி?" எங்கடை சனம் எல்லாம் பிந்தித்தான் வரும். முரசு வருத்தம் நோகாது, அதுதான் அதின்ரை வில்லங்கம். பல்லுத் தீட்டேக்கை ரத்தம் வந்தால், ஐயோ புண்ணாக்கும் எண்டு அந்த இடத்திலை தீட்டுறதை விட்டிடுவினம். தீட்டாமல் விட விட ஊத்தை சேந்து இன்னும் வீங்கும். பல்லு ஆடத் தொடங்கினால்தான் எங்கடை வாசலுக்கு வருவினம்.

முரசு பாக்கிறதெண்டால் சும்மா வாயைத் திறந்து எட்டிப் பாக்கிறதில்லை. மில்லிமீற்றர் கோடு அடிச்ச, நுனி மழுங்கின மெல்லிய கம்பி ஒண்டு இருக்கு. அதைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையிலை மெல்ல இறக்கவேணும். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடம், வெளிப்பக்கம் மூண்டு, உள்பக்கம் மூண்டு. நல்ல முரசெண்டால் கம்பி இரண்டு, மூண்டோடை நிண்டிடும். அதுக்குக் கீழை இறங்கினால், முரசு பல்லை விட்டுக் கழண்டு உள்ளுக்கை ஒரு பை மாதிரி ஆகியிருக்கு எண்டு அர்த்தம். டொக்டர் இலக்கத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதவேணும். இரண்டு, மூண்டு, இரண்டு. மூண்டு, ஆறு, எட்டு. ரத்தம் கசிஞ்ச இடத்துக்கு மேலை ஒரு புள்ளி. இரண்டையும் எட்டையும் அந்த மனிசன் ஒரே குரலிலைதான் சொல்லும். "படுத்திருக்கிற ஆளுக்கு இலக்கம் விளங்காது மிஸ்ஸி. குரல் மாறினால் உடனை விளங்கிடும்" எண்டுவார்.

செல்லத்துரை அண்ணை வந்தது நான் அங்கை போய்க் கன வருசத்துக்குப் பிறகு. பண்டத்தரிப்பு ஆள், கலியாணப் புறோக்கர். ஆற்றை மகளுக்கு என்ன வயசு, ஆற்றை பெடியன் கனடாவிலை, ஆருக்குச் செவ்வாய் தோசம், எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பழைய கோவம், எல்லாம் தலைக்குள்ளையே வைச்சிருந்த மனிசன். வரேக்கை லேஞ்சியாலை வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். கதைச்சது முழுக்க மனிசி பூமணி அக்காதான்.

"மிஸ்ஸி, இவருக்கு அறளை பேந்திட்டுது, மறதி முத்தியிட்டுதெண்டு ஊர் முழுக்கக் கதை. எனக்கு வெளியிலை தலை காட்டேலாமல் கிடக்கு."

நடந்தது இதுதான். அளவெட்டியிலை ஒரு வீட்டிலை மூத்த பெட்டைக்குக் கலியாணம் செய்து வைச்சது செல்லத்துரை அண்ணை. இளையவளுக்கும் பாக்கச் சொல்லி அவரையே கூப்பிட்டிருக்கினம். போய் இருந்து, தேத்தண்ணி குடிச்சு, ஒரு சாதகக் குறிப்பை எடுத்து நீட்டி, "இதைவிடத் தோதான மாப்பிளை உங்களுக்குக் கிடையாது" எண்டிருக்கிறார். வாங்கிப் பாத்தால் அது மூத்த மருமகன்ரை குறிப்பு! அந்த மருமகன் அந்த நேரம் பக்கத்து அறைக்குள்ளை நிண்டவராம். வீட்டுக்காரருக்குக் கோவம் தலைக்கேறினது. இவர் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் உழுந்து வடையை எடுத்துக் கடிக்க, முன்பல் ஒண்டு வடையோடை வந்திட்டுது. அந்தப் பல்லுக்காகத்தான் எங்களிட்டை வந்தவை. மறதிக்காக வரேல்லை. மறதிக்கு எங்கடை பக்கத்திலை ஆர் டொக்டரிட்டைப் போறது? வயசு போச்செண்டு விட்டிடுவம்.

கதிரையிலை படுத்தாச்சு. லேஞ்சியை எடுக்கச் சொல்ல மனிசன் எடுக்கிறார் இல்லை. டொக்டர் அவசரப்படேல்லை. "அண்ணை, எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். நீங்கள் பாத்துச் சொன்னால் நல்லது" எண்டார். செல்லத்துரை அண்ணையின்ரை கண் ரண்டும் மின்னினது. லேஞ்சியை எடுத்துப்போட்டு, "என்ன நட்சத்திரம்?" எண்டு கேட்டார். "பூசம்" எண்டார் டொக்டர். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப, "என்ன நட்சத்திரம் எண்டனீங்கள்?" "பூசம்." கம்பியை எடுக்கத் திரும்பவும் கேட்டார். அந்த முறையும் டொக்டர் முதல்முறை கேட்ட மாதிரியே "பூசம்" எண்டார்.

வாயைத் திறந்த உடனை வந்த நாத்தத்தை நான் எழுதப் போறதில்லை. நான் கண்ணைச் சுருக்கிப்போட்டன். டொக்டர் திரும்பி, "மிஸ்ஸி, நீங்கள் போய்க் கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டார். பஞ்சு மேசையிலை கிடந்தது. "நீங்கள்" எண்டிட்டாரே, நான் எழும்பி வெளியிலை போட்டு வந்தன். பிறகு இலக்கம் எழுதினன். ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது. புள்ளி வைக்காத இடமே இல்லை.

முடிஞ்ச பிறகு பூமணி அக்காவை உள்ளுக்குக் கூப்பிட்டு இருத்திக் கதைச்சார். நானும் பக்கத்திலை நிண்டனான்.

"அக்கா, உவரின்ரை முரசுப் புண் எல்லாத்தையும் ஒண்டாய் விரிச்சு வைச்சால் ஒரு உள்ளங்கையளவு வரும். உவருக்குக் காலிலை உள்ளங்கையளவு புண் ஒண்டு பத்து வருசம் சீழ் வடிச்சுக்கொண்டு இருந்தால் நீங்கள் விட்டிருப்பியளோ? வாய்க்குள்ளை எண்டபடியால் ஒருத்தரும் காணேல்லை."

"அதுக்கும் மறதிக்கும் என்ன டொக்டர்?"

"புண் எண்டால் உடம்பு சண்டைக்கு வெளிக்கிடும். சிவக்கும், வீங்கும், கொதிக்கும். நாங்கள் அழற்சி எண்டு சொல்லுறது அதைத்தான். நாலு நாளிலை ஆறி மாறினால் நல்லது. மாறாமல் வருசக்கணக்காய்க் கிடந்தால், அந்தச் சண்டைக்கெண்டு உடம்பு சுரக்கிற சாமான் ரத்தத்தோடை எல்லா இடமும் போகும். ரத்தக் குழாய் கெடும், ரத்தத்திலை சீனி இறங்காது, ஆள் வயசுக்கு மிஞ்சிக் கிழண்டும். மூளைக்குள்ளை துப்புரவு செய்யிற கலங்கள், செல்லுகள் இருக்கு. அதுகளும் இந்தச் சண்டைச் சத்தத்திலை எந்நேரமும் உசாராய் நிண்டு நிண்டு, ஊத்தையை அள்ளுறதை விட்டிட்டு நல்லதையும் கடிக்கத் தொடங்கும்."

"அப்ப பல்லாலைதானோ இவருக்கு..."

"அப்பிடி நான் சத்தியம் பண்ணமாட்டன். வயசு இருக்கு, சீனி இருக்கு, சுருட்டு இருக்கு. முரசும் அதிலை ஒண்டாய் இருக்கலாம். ஆனால் மற்றதுகளைவிட உதை நான் கையாலை மாத்தலாம்."

அவர் கதைச்சு முடிக்க முதல் என்ரை நாக்கு தானாய்ப் போய் என்ரை பின்பல்லுப் பக்கத்தைத் தடவினது. அண்டைக்குக் காலமையும் நான் துப்பினது சிவப்பு. அதுக்கு முதல் நாளும், அதுக்கு முதல் வருசமும் அப்பிடித்தான். சனத்துக்கு, "ரத்தம் வந்தால் பயப்பிடாதேங்கோ, அந்த இடத்தைத்தான் வடிவாய்த் தீட்டவேணும்" எண்டு ஒரு நாளைக்கு எத்தினை தரம் சொல்லுவன்! வீட்டை வந்தால் நானே அந்த இடத்தைத் தொடாமல் சுத்திப் போவன். எனக்கும் வருத்தம் எண்டு ஒத்துக்கொள்ள மனம் வரேல்லை. என்னைக் கதிரையிலை படுத்தி டொக்டர் இலக்கம் சொல்ல, நான் பழக்கின பிள்ளையள் அதை எழுதிறதோ? நினைச்சாலே காது மடல் சூடாகும்.

செல்லத்துரை அண்ணைக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்த நாளையிலை, சனம் குறைஞ்ச ஒரு பின்னேரம் டொக்டர் சொன்னார், "இண்டைக்கு எங்கடை ஆக்களைப் பாப்பம். எல்லாரும் ஒருக்கால் கதிரையிலை ஏறுங்கோ." அற்றென்டன் ஏறினார், சுகந்தி ஏறினா, கூட்டித் துடைக்கிற அம்மாவும் ஏறினா. நான் பல்லுப் பாக்கிற ஆயுதங்களைக் கிருமி சாக அவிக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டுப் பின்னறைக்குள்ளை போட்டன். காலமையே அவிச்சு எடுத்த சாமான்களைத் திரும்ப அவியப் போட்டுக்கொண்டு நிண்டனான். கதவடியிலை டொக்டரின்ரை சத்தம் கேட்டுது. "மிஸ்ஸி, நீர் வரேல்லையோ?" "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை டொக்டர். போன மாசந்தான் வெளியிலை காட்டினனான்." பச்சைப் பொய். அவர் "சரி" எண்டு போட்டார். விளங்கியிருக்கும். கேக்கக் கூடாத கேள்வியை அவர் என்னட்டையும் கேக்கேல்லை. கேட்டிருக்கலாம் எண்டு இப்ப எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வருது, ஆனால் அந்த ஆத்திரத்திலை என்ன ஞாயம் இருக்கு?

செல்லத்துரை அண்ணைக்கு ஆறு பல்லுப் பிடுங்கினது. மிச்சத்தை விறைப்பு ஊசி போட்டு, வாயின்ரை ஒவ்வொரு பக்கமாய், முரசுக்குக் கீழை வேர்வரைக்கும் சுரண்டித் துப்புரவாக்கினது. சுரண்டுற சத்தம் காதுக்குள்ளை போய்க் கூசும், கொதிச்ச கேத்தலின்ரை அடியைச் சுரண்டுற மாதிரி. சுருட்டை விட்டார். வீட்டிலை பூமணி அக்கா பக்கத்திலை நிண்டு பல்லுத் தீட்டுவிச்சா. மாசங்கள் போக நாத்தம் போச்சு, சீனி கொஞ்சம் இறங்கிச்சுது, முகமும் ஒரு தெளிவாய் வந்துது. கதிரையிலை இருந்து என்னைப் பாத்து, "மிஸ்ஸியின்ரை சிரிப்பை நாங்கள் ஒருநாளும் காணேல்லையே" எண்டு பகிடி விடுவார். நான் மாஸ்க்குக்குள்ளை வாயை இன்னும் இறுக்கி மூடுவன்.

கடைசி நாள் டொக்டரிட்டை அவர் கேட்டார், "நான் இனித் தொழிலுக்குப் போகலாமோ?"

"முரசு மாறியிட்டுது அண்ணை. போன ஞாபகம் திரும்பி வருமெண்டு நான் சொல்லேலாது. இருக்கிறதைக் கொஞ்சம் கூடின காலம் வைச்சிருக்கலாம், அதுக்குத்தான் இவ்வளவும்."

"நேரத்தோடை வந்திருந்தால்?"

டொக்டர் எழும்பினார். கையைக் கழுவப் போட்டார். அண்டைக்கு இன்னும் கன நேரம் கழுவினார். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகும் நான் என்ரை வாயைக் காட்டேல்லை எண்டதுதான் எனக்கு இண்டைக்கும் தாங்கேலாமல் கிடக்கு. செல்லத்துரை அண்ணைக்குத் தெரியாது, அதாலை பிந்தினவர். எனக்கு எல்லாம் தெரியும்.

டொக்டர் மாற்றலாகிப் போனார். கொரோனா வந்து போச்சு. நான் பென்சனிலை வந்தன். போன வருசந்தான் என்ரை மறதி முதல் முதல் பிடிபட்டது. மகள் கனடாவிலை, ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறவள். ஒருநாள் கதைக்கேக்கை, "அம்மா, உதை நேற்றும் சொன்னனீங்கள்" எண்டாள். "முந்தநாளும் சொன்னனீங்கள்." நான் சிரிச்சுச் சமாளிச்சன். பிறகு சந்தைக்குப் போய் ஏன் வந்தனெண்டு தெரியாமல் மரக்கறிக்காரிக்கு முன்னாலை நிண்டன். பேந்தொரு நாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை பேர் வாயிலை வரேல்லை. பிறந்த நாள் தொட்டுப் பாத்த பிள்ளை. மகளுக்குச் சொன்னால் வேலையை விட்டிட்டு ஓடிவருவாள் எண்டு பயத்திலை சொல்லேல்லை. தனியத்தான் மறதிக் கிளினிக்குக்குப் போனன்.

மறதிக்குப் பாக்கிற டொக்டர் சின்னப் பெடியன், மரியாதையான பிள்ளை. மூண்டு சொல்லுச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துக் கேப்பன் எண்டார். மாம்பழம், கதவு, ஆடு. கேக்கேக்கை மாம்பழம் வந்துது, ஆடு வந்துது. மற்றது வரவேயில்லை. திரும்பிப் போகேக்கை பஸ்ஸுக்குள்ளை, "கதவு!" எண்டு சத்தமாய்ச் சொல்லிப்போட்டன். கொண்டக்டர் பெடியன், "இறங்கப் போறியளோ அம்மா?" எண்டான். சனம் பாத்துது. எனக்கு அழுகை வந்திட்டுது.

அந்த டொக்டர் ரத்தம் எடுத்தார், மண்டையைப் படம் பிடிக்கத் திகதி தந்தார். ஆரம்பம்தான், சில வேளை மெதுவாக்கலாம், தணியாத அழற்சி உடம்பிலை எங்கை கிடந்தாலும் கண்டுபிடிச்சு மாத்தவேணும் எண்டார். "இப்ப நாங்கள் உப்பிடி வாற எல்லாரையும் முரசு பாக்க அனுப்புறனாங்கள். உங்களுக்கென்ன மிஸ்ஸி, உங்கடை இடந்தானே!" எண்டு சிரிச்சார். நான் ஓமோம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்து, இரண்டு மாசம் போகேல்லை. மூளை போகப் போகுது எண்டு தெரிஞ்சும் வெக்கத்திலை இரண்டு மாசம்! சொன்னால் ஆர் நம்புவினம்?

போன செவ்வாய்க்கிழமை போனன். மகள் முதல் நாள் போனிலை, "அம்மா, என்ரை மகளின்ரை பேரை மாத்திச் சொல்லுறியள்" எண்டாள். அதுக்குப் பிறகு வெக்கம் பாத்து என்ன கண்டது? சனத்தோடை சனமாய் வாங்கிலை இருந்தன். சுகந்தி கண்டிட்டு ஓடி வந்தா. "அக்கா, கதை எழுதிக்கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. வாய் காட்ட வந்தனான்."

அவ ஒண்டும் கேக்காமல் என்ரை கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனா. புது டொக்டர் பிள்ளை பக்கத்து அறையிலை ஒராளின்ரை எக்ஸ்ரே படம் பாத்துக்கொண்டு நிண்டா. அந்தக் கதிரையைத் துடைச்சுத் துடைச்சு என்ரை காலம் போனது, அதிலை படுத்து முகட்டைப் பாத்தது அண்டைக்குத்தான். சுகந்தி கழுத்திலை துண்டைக் கட்டினா.

"சுகந்தி, நீர் பயப்பிடக் கூடாது. மோசமாய்த்தான் இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாமல் வைச்சிருந்திட்டன்."

அவ துண்டின்ரை முடிச்சை இறுக்கினா. பிறகு, "எங்களுக்குத் தெரியும் அக்கா" எண்டா.

"என்ன தெரியும்?"

"நீங்கள் பென்சனிலை போக முன்னமே தெரியும். எல்லாருக்கும் தெரியும். கொரோனா முடிஞ்ச பிறகும் நாங்கள் தேத்தண்ணியைக் குடிச்ச கையோடை மாஸ்க்கைப் போடுறனாங்கள், நினைவிருக்கே? நீங்கள் கிட்ட நிண்டு கதைக்கிறனீங்கள் எண்டுதான் அக்கா. சொல்ல வெக்கமாய் இருந்தது. எங்களைப் பழக்கின உங்களிட்டை எந்த வாயாலை சொல்லுறது?" சொல்லிப்போட்டு அழத் தொடங்கியிட்டா.

என்ரை பிரியாவிடையிலை நான் மைக்கைப் பிடிச்சு என்ன சொன்னனான் தெரியுமே? "என்ரை பிள்ளையளைப் பாருங்கோ. ஊரெல்லாம் மாஸ்க்கைக் கழட்டி எறிஞ்சாலும் இவை கழட்டமாட்டினம். அது நான் பழக்கின பழக்கம்." எல்லாரும் கை தட்டினவை. சுகந்தியும் முன்வரிசையிலை இருந்து தட்டினவ. ஐயோ, அந்தக் கதிரைக்குள்ளையே நான் புதைஞ்சு போயிடமாட்டனோ எண்டு இருந்தது. நான் வெக்கத்திலை ஒளிச்சன், அதுகள் மரியாதையிலை ஒளிச்சுதுகள். இவ்வளவு வருசமும் என்ரை வாய்க்குள்ளை இருந்த புண்ணுக்கு ஆளுக்கொரு பக்கம் நிண்டு காவல் காத்திருக்கிறம்.

டொக்டர் பிள்ளை வந்தா. கம்பியை எடுத்தா. நான் வாயைத் திறந்தன்.

"நாலு. நாலு. ஏழு."

பேனை ஓடுற சத்தம் நிண்டிட்டுது. தலையைத் திருப்பிப் பாத்தன். சுகந்தி பேனையைப் பிடிச்சபடி என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. நான் டொக்டர் பிள்ளையின்ரை கையை மெல்ல விலத்தினன். வாயெல்லாம் ரத்தம்.

"எழுதும் பிள்ளை" எண்டன். "ஏழெண்டால் ஏழுதான். எனக்காகக் குறைக்காதையும்."